சுற்றும் தட்டு ஏன் ஏறி இறங்குகிறது

மேகலா, இது அப்பா. நான் சொல்லச் சொல்ல வேறு யாரோ எழுதித் தரும் கடிதம் இல்லை இது. பேனா என் கையில் இருக்கிறது. ஒவ்வொரு எழுத்தையும் நானே போடுகிறேன். உன் பெயரை எழுதி முடித்ததும் எழுந்துபோய் உன் அம்மாவிடம் காட்டினேன். அவள் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னா கலெக்டரே, மூணு எழுத்துக்கு இம்மாம் நேரமா?" என்றாள். மூன்று எழுத்துதான். ஆனால் முதல் எழுத்துக்கு முன்னால் ஒரு கொம்பு இருக்கிறது, அதற்கு இரண்டு சுழி இருக்கிறது, அதை நான் வைத்த இடத்திலேயே அது நிற்கிறது. எழுபத்தோரு வயதில் மகளுக்கு முதல் கடிதம் எழுதுகிறவனின் சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தெருவுக்குப் போய் யாரையாவது நிறுத்திச் சொல்லலாம் போல இருக்கிறது. இந்தப் பக்கத்தை முடிக்கவே எனக்கு ஒரு நாள் ஆகும். பரவாயில்லை. உனக்கும் அவசரம் இல்லை, எனக்கும் அவசரம் இல்லை.

கல்யாணமாகி பெங்களூருக்குப் போன பிறகு நீ போனில் அனுப்பிய பேச்சை நான் பத்து முறை கேட்டிருப்பேன். "அப்பா, ரெண்டு டர்ன்டேபிள் வாங்கணும். ஒரே தரம்தான் வாங்க முடியும், பத்து வருஷம் ஒழைக்கணும். எதைப் பாக்கணும், எதுல ஏமாறக் கூடாது, சொல்லு. அப்பறம் நம்ம வீட்டு பழைய மெஷின்ல தட்டு சுத்தும்போது ஒரு பக்கமா ஏறி இறங்குமே, அது ஏன்? இங்க கடைக்காரர், தட்டு ஆடுற மெஷினை மட்டும் தொடாதீங்கன்றாரு." இப்படி இரண்டு கேள்வி கேட்டாய். முதல் கேள்விக்கு இப்போதே பதில் எழுதுகிறேன். இரண்டாவதற்கு, உனக்கு எட்டு வயதிருக்கும்போது ஒரு பதில் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? வண்டியிலிருந்து விழுந்துவிட்டது என்றேன். அது பொய். உண்மையை இந்தக் கடிதம் முடிவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் மோட்டாரைப் பார். ரிக்கார்டுக்கு அடியில் இருக்கும் தட்டைச் சுற்ற வைக்க மூன்று வழி இருக்கிறது. சில மெஷினில் ரப்பர் சக்கரம் ஒன்று தட்டின் உள்விளிம்பை உரசிச் சுற்றும். சிலதில் ரப்பர் பெல்ட். சிலதில் ரப்பரே கிடையாது, மோட்டார் நேராகத் தட்டுக்கு அடியில் இருக்கும். என்னுடையது ரப்பர் சக்கரம். நான் விழாக்களுக்குப் பாட்டு செட் போட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஆரணியில் ஒரு மஞ்சள் நீராட்டு விழாவில் பெண்ணின் தாய்மாமன் குடித்துவிட்டு வந்து, அவர் சொன்ன பாட்டை நான் போடவில்லை என்று, ஓடுகிற ரிக்கார்டின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டு நின்றார். "சுத்துடா பாக்கலாம், இப்ப சுத்துடா" என்று மெஷினைப் பார்த்துச் சவால் விட்டார். மோட்டார் உறுமியது, சக்கரம் தேய்ந்தது, ரப்பர் கருகும் நாற்றம் வந்தது. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பின்னால் முறுக்கினேன். அவர் என் காதைக் கடித்தார். எங்களைப் பிரிக்க ஆறு பேர் தேவைப்பட்டார்கள். அன்றைக்குப் பிறகு அந்தச் சக்கரத்தில் ஒரு பக்கம் தட்டையாகி, ஒவ்வொரு சுற்றுக்கும் பாட்டுக்கு நடுவில் டொக் டொக் என்று ஒரு சத்தம்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்தக் குடிகாரர் செய்ததைத்தான் நீ தினமும் டி.ஜே. தொழிலாகச் செய்கிறாய். சென்னையில் உன் நிகழ்ச்சிக்கு என்னைக் கூட்டிப் போனாயே, நீ ஓடுகிற ரிக்கார்டின் மேல் கையை வைத்ததும் எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "ஏய், கைய எடு!" என்று எழுந்துவிட்டேன். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நீ சிரித்தாய். கையை எடுத்த அடுத்த நொடியே தட்டு பழைய வேகத்துக்கு வந்துவிட்டதைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்தேன். அது ரப்பர் இல்லாத மெஷின். அப்படிப்பட்டதைத்தான் நீ வாங்க வேண்டும். பெல்ட் வைத்தது வீட்டில் உட்கார்ந்து கேட்பவர்களுக்குச் சரி. கையை வைத்துப் பிடிப்பதற்கும் பின்னால் இழுப்பதற்கும் அது தாங்காது. நம் ஊர் வெயிலில் பெல்ட் தொங்கிப் போகும். பொத்தானை அழுத்தினால் ஒரு சுற்று முடிவதற்குள் முழு வேகத்துக்கு வர வேண்டும். கையால் பிடித்துக்கொண்டால் மோட்டார் உறுமக் கூடாது. கடையிலேயே செய்து பார். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

அடுத்தது கனம். கனமில்லாத மெஷின் பக்கத்தில் போகாதே. போளூரில் ஒரு கல்யாணத்தில், சாப்பாட்டுப் பந்தியில் மாப்பிள்ளை வீட்டாரை இரண்டாவதாக உட்கார வைத்தார்கள் என்று சண்டை மூண்டது. நாற்காலி பறந்தது. மாப்பிள்ளையின் சித்தப்பா என் மேசையை எட்டி உதைத்தார். மேசை சாய்ந்தது, ஆனால் மெஷின் இரும்பு அடிப்பாகம் என்பதால் நகரவில்லை. மெஷினில் ஊசி வைத்த கைதான் துள்ளி எழுந்தது. அதைப் பிடிக்கப் போனேன், ஊசி என் உள்ளங்கையில் இறங்கி உடைந்தது. இன்றைக்கும் அந்த இடத்தில் ஒரு கருப்புப் புள்ளி இருக்கிறது, நீ சின்ன வயதில் அதைச் சுரண்டிப் பார்ப்பாய். உனக்கு உதை விழாது என்று நம்புகிறேன். ஆனால் உன் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர் நிற்கிறது. அது போடும் அதிர்வும் உதைதான். அடியில் கனம் வேண்டும், நான்கு காலிலும் தடித்த ரப்பர் வேண்டும், இல்லாவிட்டால் அதிர்வு ஊசி வழியாகத் திரும்ப உள்ளே போய் ஊளையிடும். ஊசி வைத்த கையை இரண்டு விரலால் மெதுவாகப் பிடித்து அசைத்துப் பார். கழுத்தில் லொடலொட என்று ஆட்டம் இருந்தால் வேண்டாம். எடை சரியாக வைத்தால் அந்தக் கை காற்றில் மிதக்க வேண்டும். வாயால் ஊதினால் நகர வேண்டும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பிடி நடுவில் வரும்போது தடுமாறக் கூடாது. வயர்களைக் கழற்றி மாட்டும்படி இருந்தால் நல்லது. முதலில் கெட்டுப் போவது வயர்தான்.

தட்டைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

நான் ஏன் இவ்வளவு நாள் எழுதவில்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் அதை எப்படி மறைத்தேன் என்பது முழுதாகத் தெரியாது. என்னிடம் முந்நூறு ரிக்கார்டு இருந்தது. ஒன்றின் பெயரும் எனக்குப் படிக்கத் தெரியாது. நம் ஊரில் பட்டு நூல் கழிவுக்குப் பஞ்சமா? ஒவ்வொரு உறையிலும் ஒரு நூலை முடிந்து வைத்தேன். சிவப்பு கல்யாணத்துக்கு, மஞ்சள் சாமிக்கு, பச்சை மஞ்சள் நீராட்டுக்கு, நீலம் கட்சிக் கூட்டத்துக்கு. நூலைத் தொட்டுப் பார்த்தே எடுப்பேன். முடிச்சு ஒன்று என்றால் முதல் பக்கம், இரண்டு என்றால் மறுபக்கம். பார்ப்பவர்கள் "இன்னா கைராசிய்யா, பாக்காமலே எடுக்கிறாரு" என்பார்கள். நான் பெருமையாகச் சிரிப்பேன். விழாவில் சீட்டு வரும். இன்னார் இவ்வளவு மொய் வைத்தார், இந்தப் பாட்டு வேண்டும், ஒரு குழந்தை காணாமல் போய்விட்டது என்று எதையாவது எழுதித் தருவார்கள். அதையெல்லாம் என்னோடு செட்டுக்கு வரும் உன் எத்திராஜ் மாமாதான் படிப்பான். அவன் இல்லாத நேரத்தில் சீட்டை வாங்கி, கண்ணுக்கு நேரே பிடித்து, தலையை ஆட்டி, சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். அவன் வந்ததும் கொடுப்பேன். அந்தத் தலையாட்டல் எனக்கு அவ்வளவு நன்றாக வரும்.

நீ நான்காவது படிக்கும்போது ஒரு வீட்டு விசேஷத்தில், எல்லார் எதிரிலும், "அப்பா, சீட்டை தலைகீழா புடிச்சிகினு இருக்க" என்று சிரித்தாய். நான் உன்னை அறைந்தேன். உன் கம்மல் கழன்று சாமியானா துணிக்கு வெளியே போய் விழுந்தது. நீ அழவில்லை, கம்மலைத் தேடினாய். அதற்கு நான் இதுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன், எழுத்தில். மன்னித்துவிடு. மன்னிப்பு என்ற சொல்லை எழுத மூன்று முறை அடித்துத் திருத்த வேண்டியிருந்தது.

நீ போன பிறகு வீடு வெறிச்சோடியது. நம் வார்டு பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய் உட்கார்ந்தேன். டீச்சருக்கு உன் வயதுதான் இருக்கும். இரண்டு மாதத்தில் எனக்குக் கண் திறந்தது. பஸ் பலகையெல்லாம் படித்தேன். கடைப் பலகையெல்லாம் சத்தமாகப் படித்துக்கொண்டே நடந்தேன். பெட்டியைத் திறந்து ரிக்கார்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். அதில் ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது, யாரோ இரவல் கொடுத்தது, நான் திருப்பிக் கொடுக்கவில்லை. அதன் உறையில் மையால் ஏதோ எழுதியிருக்கும், யாரோ வாழ்த்தி எழுதியது என்று நினைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவேன். இப்போது படித்தேன். "இதைத் திருப்பித் தராதவன் வீட்டில் இடி விழ" என்று இருந்தது. நானும் உன் அம்மாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அந்தச் சிரிப்போடேயே பெட்டி மூடியின் உள்துணிக்குப் பின்னால் கையை விட்டு, நான் ஒளித்து வைத்திருந்த ஒரு சீட்டை எடுத்தேன்.

அந்தச் சீட்டின் கதை இது. நீ பிறப்பதற்குப் பதினோரு வருஷம் முன்னால், ஆடி மாதம், முள்ளிப்பட்டில் அம்மனுக்குக் கூழ் ஊற்றும் விழா. அங்கே இரண்டு பங்காளிக் குடும்பங்களுக்குள் பகை. முதல் கூழ் யார் வீட்டுப் பானையில் ஊற்றுவது என்பதில் ஆரம்பித்தது. ஒரு குடும்பம் என் செட்டை வாடகைக்கு எடுத்து, குழாய் ஸ்பீக்கரை வேப்ப மரத்தில் கட்டி, மற்ற குடும்பத்தின் வாசலைப் பார்த்துத் திருப்பி வைக்கச் சொன்னது. எதிர்வீட்டில் காய்ச்சலில் ஒரு கிழவர் படுத்திருக்கிறார், கொஞ்சம் திருப்பு என்று இரண்டு முறை ஆள் வந்து கேட்டான். எனக்கு முப்பத்து மூன்று வயது, திமிர். "வாடகை குடுத்தவன் சொன்னாத்தான் திருப்புவேன்" என்று சொல்லிச் சத்தத்தை இன்னும் கூட்டினேன்.

உச்சிவேளையில் எதிர்வீட்டைச் சேர்ந்த தணிகாசலம் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். பட்டுத் தறி நெய்பவன், என்னைவிட ஐந்தாறு வயது சின்னவன். ஒரு சீட்டை என் கையில் அழுத்தினான். அவன் ஆட்கள் பார்த்துவிடுவார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே, "படி, ஜல்தி" என்றான். எத்திராஜ் அப்போது ஆரணிக்குப் பேட்டரி வாங்கப் போயிருந்தான். சுற்றிலும் பெண்கள் பானையோடு நின்றார்கள். படிக்கத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சீட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்தேன். தலையை ஆட்டினேன்.

"படிச்சியா?" என்றான்.

"படிச்சேன், படிச்சேன். போ."

அரை மணி நேரத்தில் தடியோடு பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஸ்பீக்கரை மரத்திலிருந்து இழுத்துப் போட்டுத் தகரமாக மிதித்தார்கள். ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக் கொதிக்கிற கூழ் அண்டாவில் போட்டார்கள். அது ஒரு முறை பளீரென்று வெடித்து அடங்கியது, கூழ் என் முதுகில் தெறித்துத் தோல் உரிந்தது. பழைய கனமான ரிக்கார்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து என் தலையில் உடைத்தார்கள். எத்தனையாவதில் நான் மயங்கினேன் என்று தெரியாது. பேட்டரியோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த எத்திராஜை, யார் எவர் என்று கேட்காமல் அடித்தார்கள். மூன்று பல் போயிற்று. இடது காது போயிற்று. மாமாவுக்குச் சின்ன வயதுக் காய்ச்சலில் காது போனது என்று உனக்குச் சொன்னோமே, அதுவும் பொய். மேசைக்கு அடியில் உருண்டு போன மெஷின் மட்டும் தப்பித்தது.

ஆஸ்பத்திரியில் எத்திராஜ் வாயெல்லாம் கட்டோடு படுத்திருந்தான். சீட்டு என் பையில் இருந்தது. அவனிடம் காட்டியிருக்கலாம். காட்டினால், உனக்கு இது முன்னாலேயே வந்ததா, வாங்கிக்கொண்டு தலையாட்டினாயா என்று கேட்பான். அதனால் காட்டவில்லை. அது மிரட்டல் சீட்டு என்று எனக்கு நானே முடிவு செய்தேன். ஸ்பீக்கரைத் திருப்பாவிட்டால் கொல்வோம் என்று எழுதியிருப்பான், வேறு என்ன எழுதுவான்?

மூன்றாம் நாள், மெஷினின் தட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஆரணியில் லேத் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நடுத்துளை தேய்ந்திருந்தது. பழைய இரும்புத் தட்டு, நல்ல கனம். சாயக்கார சந்து வழியாகப் போனேன். மதிய வெயிலில் ஆள் இல்லை. சாயம் போட்ட சிவப்பு நூல் கொடிகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. எதிரில் தணிகாசலம் வந்தான். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து, "யோவ், நான்தான் எழுதிக் குடுத்தேனே! படிச்சேன்னு தலையாட்டுனியே! அப்பறம் இன்னாத்துக்குய்யா அங்கியே குந்திகினு இருந்த?" என்றான். என்னை ஏளனம் செய்கிறான் என்று நினைத்தேன். தட்டை இரண்டு கையாலும் ஓங்கினேன். அவன் வலது கையைத் தூக்கினான். கல்தூணுக்கும் தட்டுக்கும் நடுவில் அந்தக் கை மாட்டியது. உள்ளே எலும்பு நொறுங்குவதை என் உள்ளங்கையில் உணர்ந்தேன். மறுபடி ஓங்கினேன். அவன் விலகிவிட்டான், தட்டு தூணில் மோதி விளிம்பு வளைந்தது. அவன் கத்தவில்லை. கையை மார்போடு பிடித்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கீழே சொட்டியதில் எது சாயம் எது ரத்தம் என்று தெரியவில்லை.

இதனால்தான் மேகலா, தட்டு ஏறி இறங்குகிறது.

அவன் போலீசுக்குப் போனால் காட்டுவதற்கு மிரட்டல் சாட்சியாக இருக்கட்டும் என்று சீட்டைப் பெட்டி மூடியில் ஒளித்து வைத்தேன். அவன் போகவில்லை. கை தறியில் மாட்டிக்கொண்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டானாம். பயந்துவிட்டான் என்று நினைத்தேன். இரண்டு விரல் மடங்காமல் போனதால் அவனால் அறுந்த பட்டு இழையை முடிச்சுப் போட முடியவில்லை. தறியை விட்டு, முள்ளிப்பட்டு பஸ் நிற்குமிடத்தில் டீக்கடை போட்டான். முப்பத்தெட்டு வருஷம் அந்த வழியாகப் போயிருக்கிறேன், ஒரு டீ குடித்ததில்லை. வீட்டில் பாட்டுப் போடும்போது அந்தத் தட்டு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஏறும்போதும் இறங்கும்போதும் அவன் கைதான் ஞாபகம் வரும். வெட்கத்தோடு எழுதுகிறேன், அது எனக்கு இனிப்பாக இருந்தது.

இப்போது சீட்டில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதுகிறேன். "அண்ணா, ஒரு மணிக்கு எங்க ஆளுங்க தடியோட வராங்க. மெஷினை எடுத்துகினு பின்பக்க வழியா என் வீட்டுக்குப் போயிடு. வீட்ல சொல்லிட்டேன், கதவு திறந்திருக்கும். எத்திராஜ் அண்ணனையும் கூட்டிகினு போ. படிச்சதும் கிழிச்சிப் போடு."

ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்து முடித்தேன். பிறகு வேகமாக ஒரு முறை படித்தேன். உன் அம்மா, "இன்னா, இதுலயும் இடி விழணும்னு எழுதிக்கிதா?" என்று சிரித்தாள். எத்திராஜ் இரண்டு வருஷம் முன்னால் போய்விட்டான். அவனிடம் இனி ஒன்றும் சொல்ல முடியாது. தணிகாசலம் இருக்கிறான்.

இதுவரை எழுதியது போன வாரம். ஐந்து நாள் பேனாவைத் தொடவில்லை. காரணம் சொல்கிறேன்.

மெஷினிலிருந்து தட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, காலை பத்து மணிக்கு முள்ளிப்பட்டில் இறங்கினேன். டீக்கடையில் இரண்டு பேர் இருந்தார்கள். தணிகாசலம் தலை முழுக்க வெளுத்துப் போயிருந்தான். இடது கையால்தான் டீ ஆற்றினான். என்னைப் பார்த்தான்.

"இத்தினி வருஷமா பஸ்ல போவ சொல்லோ மூஞ்ச அந்தாண்ட திருப்பிக்குவ. இன்னிக்கி இன்னா வழி மாறி எறங்கிட்ட?"

நான் சீட்டை எடுத்துச் சத்தமாகப் படித்தேன். எனக்குப் படிப்பு மெதுவாகத்தான் வரும். "திறந்திருக்கும்" என்ற இடத்தில் நின்று நின்று படித்தேன். அந்த இரண்டு பேரும் டம்ளரைப் பிடித்தபடி என்னையே பார்த்தார்கள். தணிகாசலம் ஆற்றுவதை நிறுத்திவிட்டான்.

"இத்த எதுக்கு இப்ப படிக்கிற?"

"இப்பதான் படிச்சேன்."

"அன்னிக்கி படிச்சேன்னு சொன்ன?"

"எனக்குப் படிக்கத் தெரியாது, தணிகா. போன மாசம்தான் கத்துக்கினேன்."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு, "யோவ்" என்றான். "கை போனது கூட பெருசில்லய்யா. நல்லது பண்ணவன இவன் இன்னாத்துக்கு அடிச்சான்? அது தெரியாமத்தான்யா தூக்கமே போச்சி. என் பொண்டாட்டி சாவற வரைக்கும் கேட்டா, அந்தச் சீட்டுல நீ எதனா அசிங்கமா எழுதிட்டியான்னு. நானே எழுதிட்டேனோன்னு எனக்கே சந்தேகம் வந்துச்சிய்யா."

நான் பையிலிருந்து தட்டை எடுத்து பெஞ்சில் வைத்தேன். அவன் அதன் வளைந்த விளிம்பைத் தடவிப் பார்த்தான். இடது கையால் தூக்கிக் கனம் பார்த்தான்.

"கைய வை," என்றான்.

வலது கையைப் பலகையில் விரித்து வைத்தேன். ஒருவன் "வேணாம் பெரியவரே" என்று எழுந்தான். "குந்துடா நீ," என்று தணிகாசலம் அவனை அதட்டினான். தட்டு தலைக்கு மேலே போயிற்று. நான் கையை எடுக்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், என் மனசுக்குள் உனக்குப் பாதியில் நிற்கும் இந்தக் கடிதம்தான் ஓடியது. தட்டைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன் என்று எழுதிவிட்டு வந்தேனே என்று நினைத்தேன்.

தட்டு மேலேயே நின்றது. "எழுதறது எந்தக் கை?" என்றான்.

"இதான்."

"அத்த எடு. இன்னொன்ன வை."

மாற்றி வைத்தேன். அடித்தான், மேகலா. ஒரே அடி. ஆள்காட்டி விரலும் நடுவிரலும். கண் இருட்டிக்கொண்டு வந்தது, டம்ளர்கள் உருண்டு உடையும் சத்தம் கேட்டது, வாயில் உப்புக் கரித்தது. நாக்கைக் கடித்திருக்கிறேன். கண் தெளிந்தபோது அவன் எதிரில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டைக் கிழித்து என் விரலைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவன் அழுதுகொண்டிருந்தான். எனக்கு எதனாலோ சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை. என்னைப் பார்த்து அவனும் சிரித்தான். "பைத்தியம்யா நீ," என்றான். சர்க்கரை அதிகம் போட்டு ஒரு டீ கொடுத்தான். முப்பத்தெட்டு வருஷம் குடிக்காமல் விட்ட டீ. நன்றாகத்தான் போடுகிறான்.

பிறகு சீட்டைப் பார்த்து, "அத்த படிச்சதும் கிழிக்கச் சொன்னேனில்ல?" என்றான். நான் ஒரு முனையை வலது கையால் பிடித்தேன். என் இடது கைக்குப் பிடிக்க வலு இல்லை. அவன் வலது கைக்கும் பிடி இல்லை. அவன் இடது கையால் மறுமுனையைப் பிடித்து இழுத்தான். கிழிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டபோது தறியில் மாட்டிக்கொண்டது என்றேன். உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டு, "நம்ம வூட்ல எந்தத் தறி கீது?" என்றாள். வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஒரு மணி நேரம் திட்டினாள். பிறகு ஒரு தூக்கில் குழம்பு ஊற்றி, நாளைக்கு அந்த ஆளுக்குக் கொண்டுபோய்க் கொடு என்றாள். நீயும் கோபப்படாதே. உன் வீட்டுக்காரரிடம் சொல்லி அங்கே யாரையும் அனுப்பாதே. இடது கையால் காகிதத்தை அழுத்திப் பிடிக்க முடியாததால் அது நழுவிக்கொண்டே இருக்கிறது. அதனால் அந்தத் தட்டையே காகிதத்தின் மேல் கனத்துக்கு வைத்து எழுதுகிறேன். இந்தப் பக்கத்தின் ஓரத்தில் வட்டமாக ஒரு கறை தெரிகிறதே, அது தட்டுடையது.

இப்போது தட்டு. மெஷினை ஓட விட்டு, குனிந்து, கண்ணைத் தட்டின் விளிம்புக்கு நேராக வை. தட்டுக்கும் அடிப்பலகைக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பார். அது ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒரு மயிரிழை ஏறி இறங்கினாலும் வாங்காதே. பழைய மெஷின் என்றால், முன்னால் வைத்திருந்தவரிடம் இது ஏன் இப்படி ஆடுகிறது என்று கேள். வண்டியிலிருந்து விழுந்தது என்று சொன்னால் நம்பாதே. இரும்புத் தகட்டில் அழுத்திச் செய்ததை விட்டுவிட்டு, வார்ப்பு அலுமினியத்தில் கனமாகச் செய்த தட்டாகப் பார். மெஷின் மொத்தமும் நீ ஒரு கையால் தூக்க முடியாத கனத்தில் இருக்கட்டும். ஸ்பீக்கர் அதிர்வுக்கு என்று முன்னால் எழுதினேன், அது உண்மைதான். ஆனால் நீ என் மகள், என் கோபம் உனக்கும் கொஞ்சம் வந்திருக்கும். கோபம் வரும் நேரத்தில் சட்டென்று தூக்க முடியாததாக உன் எதிரில் இருப்பது நல்லது.

வாங்கியதும் இதற்குப் பதில் எழுது. போனில் பேசி அனுப்பாதே, காகிதத்தில் எழுது. உன் அம்மாவிடம் கொடுக்காமல் நானே பிரித்து, நானே படிப்பேன். ஒரு நாள் ஆனாலும் படித்து முடிப்பேன். கிழிக்க மாட்டேன்.